பொங்காலைக்குக் கூடும் வீடு

மாசி பிறந்துவிட்டால் ஸ்ரீவராகத்துத் தெருக்களில் செங்கல் வந்து இறங்கத் தொடங்கும். மதிலோரம், மின்கம்பத்தடி, குளத்தைச் சுற்றிப் போகும் சாலை, பூட்டிக் கிடக்கும் கடையின் வாசல் என்று இடம் பார்த்து மூன்று மூன்றாக வைத்துவிட்டுப் போவார்கள். கல்லின்மேல் சாக்குக்கட்டியால் ஒரு பெயர் இருக்கும். சில கற்களில் பெயருக்குக் கீழே ஊர்ப்பெயரும் இருக்கும். ஆற்றுக்கால் பகவதிக்குப் பெண்கள் தெருவில் பொங்கலிடும் பொங்காலைக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று யாரும் நினைப்பதில்லை. பெயர் எழுதிய கல்லை எடுத்துத் தள்ளிப் போடுகிறவர்களும் இல்லை. அந்த இடம் ஒரு அடுப்புக்கு, அந்த அடுப்பு ஒரு குடும்பத்துக்கு.

திருவனந்தபுரம் கிழக்கே கோட்டையிலிருந்து தெற்கே நடந்தால் ஸ்ரீவராகம். லட்சுமி வராகமூர்த்தி கோயிலும் அதன் பெரிய தெப்பக்குளமும் ஊருக்குப் பெயரையும் அடையாளத்தையும் கொடுத்தவை. இந்தப் பக்கம் பத்மநாபசுவாமி கோயில், அந்தப் பக்கம் மணக்காடு, அதைத் தாண்டினால் ஆற்றுக்கால் பகவதி. வருடத்தில் மற்ற நாள்களில் சத்தமில்லாத குடியிருப்புப் பகுதி. மாசி மாதம் பூர நட்சத்திரமும் பௌர்ணமியும் சேர்ந்து வரும் பொங்காலை என்ற அந்த ஒரு நாளில் இங்கே வீடு வைத்திருப்பவர்கள் எல்லோரும் பெரிய குடும்பத்துக்காரர்கள் ஆகிவிடுகிறார்கள். ஆற்றுக்காலுக்கு நடந்து போகிற தூரத்தில் உங்களுக்கு ஒரு வீடு இருந்தால், ஒன்றுவிட்ட சகோதரியின் நாத்தனாரின் மகள்கூட உங்களுக்கு நெருங்கிய சொந்தம்தான்.

ஆற்றுக்கால் பொங்காலையைப் பற்றிப் பத்திரிகைகளில் வருவதெல்லாம் எண்ணிக்கைதான். 1997-இல் 15 லட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் புத்தகத்தில் பதிவானது. 2009 மார்ச் 10-ஆம் தேதி 25 லட்சம் என்று அந்தப் பதிவு தன்னைத்தானே முந்தியது. உலகிலேயே பெண்கள் இவ்வளவு பெரிய அளவில் கூடும் விழா வேறு இல்லை என்று எழுதுகிறோம். கோயிலைச் சுற்றிப் பல கிலோமீட்டருக்கு அடுப்புகள் எரியும் புகைப்படத்தை உயரத்திலிருந்து எடுத்துப் போடுகிறோம். அந்தப் படத்தில் தெரியாத ஒன்று இருக்கிறது. அத்தனை பெண்களும் முந்தின இரவு எங்கே படுத்தார்கள்? அதிகாலையில் எங்கே குளித்தார்கள்? கைக்குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தார்கள்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடிப் போனால் ஸ்ரீவராகம் போன்ற தெருக்களின் வீடுகளுக்குள்தான் போய் நிற்க வேண்டும்.

அப்படி ஒரு வீடு எங்கள் குடும்பத்துக்கும் உண்டு. அம்மை பிறந்தது தோவாளைப் பக்கம். அவளுடைய மூத்த அக்காவைக் கட்டிக்கொடுத்தது ஸ்ரீவராகத்தில். ஓட்டு வீடு, முன்னால் சின்ன முற்றம், பின்னால் கிணறு, இரண்டு தென்னை. பெரியம்மை அந்த வீட்டுக்கு வாழ வந்த காலத்தில் பொங்காலைக்கு வந்தவர்கள் நாலைந்து பேர்தானாம். இப்போது முந்தின நாள் மாலைக்குள் நாற்பது பேருக்குக் குறையாது. நாகர்கோவில், தக்கலை, வள்ளியூர் என்று ரயிலில் வருபவர்கள் ஒரு கூட்டம். பெங்களூரிலிருந்து இரவுப் பேருந்தில் வந்து இறங்கும் மருமகள்கள். துபாயிலிருந்து விடுப்பை மாசிக்கென்றே சேர்த்துவைத்து வரும் ஒரு மதினி. நாங்கள் 'மைனி' என்போம்.

வந்தவுடன் நடப்பது நலம் விசாரிப்பு அல்ல, பை திறப்பு. "மைனி, தெரளி இலை கொண்டாந்தாச்சா? போன வருஷம் மாதிரி காஞ்சுபோனதக் கெட்டிட்டு வந்துராதிய" என்று பெரியம்மை கேட்டுக்கொண்டே வருவாள். படையலுக்குத் தெரளி அவிக்கிற அந்த இலை ஒரு வீட்டுப் பொறுப்பு. மலையடிவாரத்தில் இருக்கிறவர்கள் பச்சையாகப் பறித்து, ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவர வேண்டும். பச்சரிசி மாவு இடித்து வறுப்பது ஒரு வீடு. சிறுபயறு வறுத்துப் பொடிப்பது இன்னொரு வீடு. சர்க்கரையும் தேங்காயும் நாகர்கோவிலிலிருந்து. எங்களுக்குச் சர்க்கரை என்றால் வெல்லம்தான். மண்பானை மட்டும் சாலைக் கம்போளத்தில் வாங்குவது. திவான் ராஜா கேசவதாஸ் காலத்திலிருந்து தமிழ் வியாபாரிகள் கடை போட்ட அந்தத் தெருவில் பொங்காலை வாரத்தில் பானையும் அகப்பையும் தவிர வேறெதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஓலைச்சூட்டும் கொதும்பும் பெரியம்மை வீட்டுத் தென்னை தருவது. வருடம் முழுவதும் விழுவதைக் காயவைத்து, மழை படாமல் விறகுப்புரையில் அடுக்கிவைத்திருப்பாள்.

இந்தப் பொறுப்புப் பிரிவினையை யாரும் உட்கார்ந்து எழுதவில்லை. ஒருத்தி ஒரு வருடம் ஏதோ ஒன்றைக் கொண்டுவந்தாள், மறு வருடமும் அதை அவளே கொண்டுவந்தாள், பிறகு அது அவளுடைய உரிமையாகிவிட்டது. வராமல்போனால் வருத்தம் வருவது அதனால்தான். பயறு கொண்டுவர வேண்டியவள் வரவில்லையென்றால் படையலில் மண்டைப்புற்று என்ற பண்டம் இல்லை. ஒரு கல்யாணத்துக்கு நான் போகாவிட்டாலும் கல்யாணம் நடந்துவிடும். பொங்காலையில் என் கை இல்லாவிட்டால் ஒரு பண்டம் குறையும். உறவுகள் கூடுவதற்குப் பாசம் மட்டும் போதாது என்று எனக்குப் படுவது இங்கேதான். பாசத்தைத் தள்ளிப்போடலாம், போனில் சொல்லிக்கொள்ளலாம். தள்ளிப்போட முடியாத ஒரு வேலை இருந்தால்தான் ஆள் நேரில் வரும்.

எல்லைக்கு இரண்டு பக்கம்

1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் குமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அதுவரை நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்குத் தலைநகரம் திருவனந்தபுரம். படிப்புக்கும் வழக்குக்கும் வைத்தியத்துக்கும் உத்தியோகத்துக்கும் அங்கேதான் போனார்கள். பெண் கொடுத்ததும் எடுத்ததும் அதே வழியில். மாநிலம் பிரிந்தபோது எல்லைக்கோடு ஆயிரக்கணக்கான சம்பந்தி வீடுகளுக்கு நடுவே போயிற்று. அக்கா ஒரு மாநிலம், தங்கை ஒரு மாநிலம். 1979-இல் நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் ரயில் ஓடத் தொடங்கியபோது அதை வளர்ச்சித் திட்டம் என்று அரசு சொன்னது. எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அது அக்கா வீட்டுக்குப் போகிற வண்டி.

இன்றும் பொங்காலையன்று உள்ளூர் விடுமுறை திருவனந்தபுரம் மாவட்டத்துக்கு மட்டும். குமரி மாவட்டத்துக்காரர்கள் தங்கள் கணக்கில் விடுப்பு எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். அவர்களுக்கு அதே மாசியில் மண்டைக்காட்டுப் பகவதி கோயில் கொடை விடுமுறை இருக்கிறது. இரண்டு கோயில்களையும் பெண்களின் சபரிமலை என்கிறார்கள். இரண்டிலும் பெண்கள் பொங்கலிடுகிறார்கள். தலைவலி தீர மண்டைக்காட்டில் மண்டையப்பம் படைப்பது போல ஆற்றுக்காலில் மண்டைப்புற்று. பயற்றுமாவு, வெல்லம், நெய் சேர்த்துத் தலை உருவில் பிடித்து வேகவைப்பது. வேண்டுதலும் பண்டமும் எல்லை பார்க்காமல் இருபுறமும் ஒன்றாகவே இருக்கின்றன. நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னூற்றுநங்கையும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுகிறார்கள். பழைய திருவிதாங்கூர் சமஸ்தானம் போய்விட்டாலும் தெய்வங்கள் அந்தப் பயணத்தை நிறுத்தவில்லை. மாசியில் அதே சாலை வழியே பெண்கள் போகிறார்கள்.

இன்னொரு கோடும் உண்டு. அது வீட்டுக்குள் போடப்பட்டது. தெற்குத் திருவிதாங்கூரில் நாயர்கள் மட்டுமல்ல, நாஞ்சில் நாட்டு வேளாளர்களும் மருமக்கள்வழிக்காரர்களாக இருந்தவர்கள். சொத்து தாய்வழியில் இறங்கும், நிர்வாகம் காரணவரான மாமனிடம் இருக்கும். மாமன் செத்தால் அவர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கிடைப்பது சொற்பம். அந்தக் கண்ணீரைத்தான் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 'மருமக்கள்வழி மான்மியம்' எழுதி ஊருக்குக் காட்டினார். 1925-இல் நாயர் சட்டம், 1926-இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம். பாகப்பிரிவினைக்கு வழி திறந்தது. தறவாடுகள் என்ற பெரிய கூட்டுக்குடும்ப வீடுகள் அறை அறையாகப் பிரிந்தன. கடைசியில் கேரளச் சட்டமன்றம் 1975-இல் இந்துக் கூட்டுக்குடும்ப முறையையே ஒழித்துச் சட்டம் இயற்றியது. 1976 டிசம்பர் 1 முதல், கூட்டுக்குடும்பச் சொத்து என்பதே சட்டத்தின் கண்ணில் இல்லாமல்போயிற்று. ஒவ்வொருவருக்கும் அவரவர் பங்கு.

அந்தச் சட்டங்கள் வேண்டியவைதான். காரணவரின் வாய்ச்சொல்லுக்காக வாசலில் காத்து நின்ற பெண்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவள் நான். அந்த வீடுகள் திரும்பி வர வேண்டும் என்று ஒருநாளும் சொல்லமாட்டேன். ஆனால் தறவாடு பிரிந்தபோது, ஓணத்துக்கும் திருக்கார்த்திகைக்கும் எல்லோரும் போய் இறங்க ஒரு பொது வீடு என்பதும் பிரிந்துபோயிற்று. பங்கு கிடைத்தது, கூடம் போயிற்று. சொத்தில் எந்த உரிமையும் இல்லாமல், யாரும் பாகம் கேட்காமல், ஒருநாள் மட்டும் தறவாடாக நிற்கிற வீட்டைப் பொங்காலை திருப்பிக் கொடுத்தது. அதுவும் தாய்வழியில். வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்மக்கள், அவர்களுடைய பெண்மக்கள், அக்கா தங்கைமார், அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு வரும் மருமகள்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நம் வீடுகளில் பெண்கள் கணவன் வழியில் போகிறார்கள். பொங்காலைக்கு அவர்கள் பிறந்த வழியில் வருகிறார்கள்.

விருந்து இழந்தவள்

ஆற்றுக்கால் பகவதியைக் கண்ணகி என்றே நம்புகிறார்கள். மதுரையை எரித்துவிட்டுச் சேரநாட்டுக்குப் போகும் வழியில் இங்கே தங்கினாள் என்பது ஐதீகம். கோபுரத்தில் கண்ணகி கதை சிற்பமாக இருக்கிறது. திருவிழாத் தொடக்கத்தில் கொடுங்ஙல்லூர் பகவதியை ஆவாகித்துக் காப்புக் கட்டுவார்கள். ஒவ்வொரு நாளும் தோற்றம்பாட்டுக்காரர்கள் கண்ணகி கதையைப் பாடிக்கொண்டு வருவார்கள். தலவரலாற்றில் வருவது இன்னும் நெருக்கமான கதை. முல்லுவீடு என்ற தறவாட்டின் காரணவர் கிள்ளியாற்றங்கரையில் நின்றபோது ஒரு சிறுமி வந்து, அக்கரைக்குக் கொண்டுபோய் விடச் சொன்னாளாம். அவர் அவளை வீட்டுக்கு அழைத்துவந்தார். வீட்டார் உபசரிக்க ஓடியபோது அவளைக் காணோம். இரவு கனவில் வந்து, காவில் மூன்று கோடு கண்ட இடத்தில் தன்னைக் குடியமர்த்தச் சொன்னாள். தெய்வமாவதற்கு முன்னால் அவள் ஒரு வீட்டுக்கு வந்த விருந்தாளி.

சிலப்பதிகாரத்தைத் திரும்பப் படித்தால் இந்த இடத்தில் மனம் நின்றுவிடுகிறது. கல்யாணமானதும் கோவலனையும் கண்ணகியையும் தனிமனையில் வாழ வைப்பது கோவலனின் தாய். நம் முதல் காப்பியத்தின் நாயகி தனிக்குடித்தனம் போனவள். பிறகு மாமன் மாமி, பெற்றோர் யாரிடமும் சொல்லாமல் விடியுமுன் புகாரை விட்டுப் புறப்படுகிறாள். மதுரையில் மாதரியின் வீட்டில், மாதரி மகள் ஐயை நாத்தனார் முறையில் கூட இருந்து அடுப்பு மூட்டித் தர, பழகாத கை சிவக்கக் காய் நறுக்கி, முகம் வியர்த்து, கணவனுக்குச் சோறு ஆக்குகிறாள். அதுதான் கடைசிச் சோறு. சாப்பிட்டு எழுந்த கோவலனிடம் அவள் மனம் திறக்கிறாள். அவன் மாதவி வீட்டில் இருந்ததற்காக அவள் சொல்லும் குறையில் முன்னே நிற்பது அவளுடைய தனிமை அல்ல. அறவோருக்கும் அந்தணருக்கும் துறவிகளுக்கும் செய்ய வேண்டியதைச் செய்ய முடியாமல், வந்த விருந்தை எதிர்கொள்ள முடியாமல் போயிற்றே என்பதுதான்.

அந்தப் பெண்ணுக்குத்தான் லட்சக்கணக்கான பெண்கள் தெருவில் அடுப்பு வைத்து ஆக்கிப் படைக்கிறார்கள். ஸ்ரீவராகத்துக் கதவுகள் முந்தின நாளே திறந்து கிடக்கின்றன. இதை யாரும் திட்டமிட்டுச் செய்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் விருந்து எதிர்கொள்ள முடியாத துக்கத்தைச் சொன்னவளின் திருவிழா, விருந்தாளிகளால் வீடு நிறைகிற திருவிழாவாக வளர்ந்திருப்பது எனக்குச் சாதாரணமாகத் தெரியவில்லை. ஈழத்திலும் கண்ணகி வழிபாடு இப்படித்தான் ஊரைக் கூட்டுகிறது. வைகாசியில் முல்லைத்தீவு வற்றாப்பளையில் பொங்கல், மட்டக்களப்புப் பக்கம் கண்ணகி அம்மன் குளிர்த்தி. கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்கள் அந்த நாளைப் பார்த்துத்தான் ஊருக்கு வருகிறார்கள்.

அடுப்புவெட்டு

பொங்காலை நாள் விடியலுக்கு வெகுநேரம் முன்பே தொடங்கிவிடும். கிணற்றடியில் வரிசை. இருக்கிற ஒரே குளியலறைக்கு வெளியே இன்னொரு வரிசை. "ஏட்டி, சீக்கிரம் வாட்டி, பெரியாத்தா நிக்கா பாரு" என்று குரல் வரும். கசவுக்கரை போட்ட முண்டும் நேரியதும் ஒரு பக்கம், நாகர்கோவில் கைத்தறிச் சேலை ஒரு பக்கம். வெளிச்சம் வருவதற்குள் ஆளுக்கொரு அடுப்பின் முன்னால் உட்கார்ந்தாயிற்று. விறகு அடுக்கி, பானையைத் துடைத்து, சந்தனம் தொட்டு, வாழையிலையில் பூவும் தேங்காயும் நாழி அரிசியும் வைத்துக் காத்திருப்பார்கள். அடுப்பில் தீ மட்டும் இல்லை.

தீக்குக் காத்திருக்கும் அந்த நேரம்தான் குடும்பம் உண்மையில் கூடுகிற நேரம் என்று நான் நினைக்கிறேன். செய்வதற்கு ஒன்றும் இல்லை, எழுந்து போகவும் முடியாது. இடமோ இரண்டடி அகலம். பக்கத்து அடுப்பில் இருப்பது ஐந்து வருடமாகச் சரியாகப் பேசாத நாத்தனாராகவே இருந்தாலும் விறகைச் சரிசெய்யவாவது வாய் திறக்க வேண்டியிருக்கும். எங்கள் குடும்பத்தில் இரண்டு கல்யாணங்கள் இந்த நேரத்தில் பேசி முடிவானவை. ஒரு நிலத்தகராறு தீர்ந்ததும் இங்கேதான். கணவன்மார்கள் வக்கீல் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்த வழக்கை, அவர்கள் மனைவிமார் அடுத்தடுத்த அடுப்பில் உட்கார்ந்து பேசி முடித்தார்கள்.

கோயிலில் தோற்றம்பாட்டு பாண்டிய மன்னன் வதம் வரைக்கும் வந்ததும், தந்திரி கருவறையிலிருந்து தீபத்தை மேல்சாந்தியிடம் கொடுப்பார். அந்தச் சுடர் கோயில் மடைப்பள்ளியான திடப்பள்ளிக்குப் போய், பிறகு கோயிலின் முதல் அடுப்பான பண்டார அடுப்புக்கு வரும். செண்டை முழங்கும், கதினா வெடிக்கும், வாய்க்குரவை எழும். இதற்கு அடுப்புவெட்டு என்று பெயர். அங்கிருந்து தீ அடுப்புக்கு அடுப்பு கைமாறிப் பரவும். ஒரு ஓலைச்சூட்டில் பற்றியது அடுத்தவள் கொதும்புக்கு, அங்கிருந்து அடுத்தவளுக்கு. ஸ்ரீவராகத்துக்கு அந்தச் சுடர் வந்து சேரும்போது எத்தனை கை மாறியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. யார் கொடுத்தார்கள், அவள் எந்த ஊர், எந்தச் சாதி என்று கேட்டு வாங்குவதும் இல்லை.

பிறகு கண்ணெரிச்சல்தான். மாசி வெயில், தார்ச்சாலைச் சூடு, நாலாபுறமும் புகை. அரிசி பொங்கி வழிய வேண்டும். கிழக்குப் பக்கம் வழிந்தால் நல்லது என்று சின்னஞ்சிறுசுகள் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும். வெள்ளைப் பொங்கல், சர்க்கரைப் பாயசம் இறக்கியபின் தெரளிக்கு இடம் வரும். அரிசிமாவில் சர்க்கரை, பழம், தேங்காய்ப்பூ, ஏலம் போட்டுப் பிசைந்து, இலையைக் கூம்பாக மடித்து நிறைத்து, ஈர்க்கில் குத்தி ஆவியில் வைப்பது. மடிக்கத் தெரியாத புது மருமகளுக்கு அந்த இடத்தில் பள்ளிக்கூடம் நடக்கும். ஒருத்தி கையைப் பிடித்து மடித்துக் காட்டுவாள். பெங்களூர்க்காரி மடித்த கூம்பு ஆவியில் பிரிந்துவிட்டால் யாரும் சிரிக்கமாட்டார்கள், அடுத்த ஈட்டில் இரண்டு ஈர்க்கில் குத்தச் சொல்வார்கள். பிற்பகலில் நிவேத்திய நேரம் அறிவித்ததும் பூசாரிமார் தெருத்தெருவாக வந்து தீர்த்தம் தெளிப்பார்கள். வானத்திலிருந்து விமானம் பூத்தூவும்.

ஆண்களுக்கு இந்த நாளில் அடுப்புப் பக்கம் வேலை இல்லை. அவர்களுக்கு வேறு வேலை கொள்ளை. குழந்தைகளைப் பார்ப்பது, பாட்டிமார்களுக்கு நாற்காலி கொண்டுபோய்ப் போடுவது, தெருமுனையில் பந்தல் போட்டு மோரும் தண்ணீரும் கொடுப்பது. காலையில் தெரியாத பெண்கள் கதவைத் தட்டி, "சேட்டா, பாத்ரூம் ஒண்ணு உபயோகிச்சோட்டே?" என்று கேட்கும்போது வழிகாட்டுவதும் அவர்கள்தான். ஸ்ரீவராகத்தில் அந்தக் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்து நான் கேட்டதில்லை. பக்கத்து மணக்காட்டில் வலியபள்ளிவாசல் தன் வளாகத்தைப் பொங்காலைக்கு வருகிறவர்களுக்குத் திறந்துவைக்கிறது. உறவு என்று நாம் போட்டு வைத்திருக்கிற வட்டம் அன்றைக்கு இரண்டு மூன்று தெரு தள்ளிப் போகிறது.

சாயங்காலம் எல்லோரும் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பிய சில மணி நேரத்தில் மாநகராட்சித் துப்புரவுப் பணியாளர்கள் தெருவைக் கழுவித் துடைத்துவிடுகிறார்கள். அந்த வேகத்தை நேரில் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். அடுப்புக்கல்லாக இருந்த செங்கற்களை மாநகராட்சி சேகரித்து ஏழைகளுக்கு வீடு கட்டக் கொடுக்கிறது. ஒரு குடும்பத்தின் பெயர் எழுதியிருந்த கல் இன்னொரு குடும்பத்தின் சுவருக்குள் போகிறது.

வீட்டுக்காரி

இவ்வளவு பேசிவிட்டு, அந்த வீட்டுக்காரியைப் பற்றிப் பேசாமல் போவது நியாயமில்லை. நாற்பது பேர் வந்துபோகும் வீட்டில் ஒரு வாரம் முன்பிருந்து மறுவாரம் வரைக்கும் முதுகு ஒடிவது ஒருத்திக்குத்தான். படுக்கை விரிப்பு துவைப்பது, தண்ணீர் லாரிக்குச் சொல்வது, முந்தின இரவு நோன்புக்காரர்களுக்கும் அல்லாதவர்களுக்கும் தனித்தனியாகச் சாப்பாடு. பெரியம்மைக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. முட்டுவலி. விருந்தோம்பலைப் பெண்ணின் குணம் என்று புகழ்ந்தே நாம் அதன் பாரத்தை அவள் தலையில் இறக்கிவிடுகிறோம். வந்து இறங்குகிறவர்களும் பெண்கள்தான், ஆனாலும் நமக்கு இது சட்டென்று உறைப்பதில்லை. கூட்டுக்குடும்பத்தை நினைத்து ஏங்குகிற கட்டுரைகள் எல்லாம் இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்கின்றன. கூடுகிற குடும்பம் நீடிக்க வேண்டுமானால், பாரத்தைப் பங்கு போடுவதில்தான் முதலில் கை வைக்க வேண்டும்.

இந்தக் கூடுகை எவ்வளவு எளிதில் அறுந்துபோகும் என்பதைக் கொரோனா காட்டியது. 2020 மார்ச் 9-ஆம் தேதி, நோய்ச்செய்தி வரத் தொடங்கிய நேரத்தில், பொங்காலை தெருவில்தான் நடந்தது. 2021-லும் 2022-லும் அவரவர் வீட்டில் பொங்கலிடச் சொன்னார்கள். அது சரியான முடிவு. எல்லோரும் தம் வீட்டு முற்றத்தில் அடுப்பு வைத்தோம். தொலைக்காட்சியில் பண்டார அடுப்பு பற்றியதைப் பார்த்துத் தீமூட்டினோம். பொங்கல் பொங்கியது, தெரளி வெந்தது, அம்மனுக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் என் வீட்டில் பயறு இருந்தது, தெரளி இலை இல்லை. தக்கலையில் இலை இருந்தது, சரியாக வறுத்த மாவு இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஏதோ ஒன்று குறைந்தது. எல்லோர் கையும் சேர்ந்துதான் ஒரு படையல் ஆகியிருக்கிறது என்பது அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது.

2023 மார்ச் 7-ஆம் தேதி மறுபடியும் தெருவில் அடுப்பு வைத்தோம். இடைப்பட்ட காலத்தில் இரண்டு ஆத்தாக்கள் போய்ச் சேர்ந்திருந்தார்கள். அதே காலத்தில் பிறந்த பேத்திகள் நடந்து வந்தார்கள். யார் பெரியம்மை, யார் சித்தி, யாரை மாமி என்று கூப்பிட வேண்டும் என்று அவர்களுக்கு வரிசையாக நிறுத்திச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. முறை சொல்லிக் கூப்பிடுவது எழுதிவைத்துப் படித்து வருவதில்லை. ஒரு முறைக்கு ஓர் ஆள் கண்முன்னால் நின்றால்தான் அது நாக்கில் ஏறும். ஒற்றைப் பிள்ளைக் குடும்பங்களில் வளரும் குழந்தைகளுக்கு 'கொழுந்தியாள்', 'சகலை' எல்லாம் இன்னும் கொஞ்ச நாளில் அகராதிச் சொற்களாகிவிடும். எங்கள் பேத்திகளுக்கு அப்படி ஆகாமல் இருப்பதற்கு ஸ்ரீவராகத்து முற்றம் ஒரு காரணம்.

அந்த முற்றத்துக்கு இப்போது விலை பேசுகிறார்கள். கோட்டைக்குப் பக்கத்து நிலம், கேட்கவா வேண்டும். தெருவில் ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாக அடுக்ககமாகிக்கொண்டிருக்கின்றன. பெரியம்மை மகன் ஆஸ்திரேலியாவில். மகளுக்குக் கொச்சியில் வேலை. கிணறும் தென்னையும் உள்ள வீட்டைத் தனியாகக் கட்டிக்காக்க அவளால் முடியவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். விற்காதே என்று சொல்ல எங்களில் யாருக்கும் உரிமை இல்லை, சொல்லவும் கூடாது. போன பொங்காலைக்கு, தெரளி வேகிற நேரத்தில் இதைப் பற்றித்தான் பேச்சு. தம்பி மகள் ஒருத்தி, கட்டிடக்கலை படித்தவள், விற்கத்தான் வேண்டுமென்றால் கீழ்த்தளத்தில் ஒரு வீட்டைப் பெரியம்மை பேரிலேயே வைத்துக்கொண்டு, முன்புறம் திறந்த இடம் விடச் சொல்லி ஒப்பந்தம் போடலாம் என்றாள். இன்னொருத்தி, அதுவரைக்கும் செலவை எல்லோரும் பகிர்ந்துகொள்வோம் என்றாள். பெரியம்மை எதுவும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "வீட்டக் குறிச்சு என் மக்களுக்கு என்ன தோணுதோ, அது நடக்கட்டும். அடுப்புக்கு எடம் விட்டாப் போதும்" என்றாள்.

மற்றதை அன்று ரயிலில் வரும்போதே பேசி முடித்தோம். வருகிற மாசிக்கு முந்தின இரவுச் சாப்பாடு தக்கலைக்காரர்கள் ஆக்கிக் கொண்டுவருவது. தண்ணீர் லாரிக்கும் தெருமுனை மோருக்கும் மருமகன்மார் பணம். மறுநாள் வீட்டைக் கழுவி, விரிப்பெல்லாம் துவைத்துக் காயப்போட்டுவிட்டுத்தான் ஆண்பிள்ளைகள் கிளம்ப வேண்டும். அதற்காக எங்கள் வீட்டில் இரண்டு பேர் இப்போதே விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.